நல்லா அழுதால் வீடு கிடைக்கும்

எங்கள் சிறுவர் இல்லத்தில் பிள்ளைகள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று வாக்குவாதம் வந்தால், அது பேய்ப்படத்தையோ வெட்டுக்குத்தையோ பற்றியதாகத்தான் இருக்கும். ஏழைகளுக்கு உதவும் நிகழ்ச்சிகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கெட்ட வார்த்தை கிடையாது, இரத்தம் கிடையாது, கடைசியில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். இதில் என்ன பிழை?

திருகோணமலையில் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு அதில் சந்தேகம் தட்டியது. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வரும் தொண்டர் ஒருவர், பிள்ளைகள் கேட்டுப் பழகட்டும் என்று 'த சீக்ரெட் மில்லியனர்' துண்டுகளை மடிக்கணினியில் போடுவார். பிரித்தானியாவின் சேனல் 4 தொலைக்காட்சியில் 2006இல் தொடங்கிய நிகழ்ச்சி அது. பெரும் பணக்காரர் ஒருவர் தான் யார் என்று சொல்லாமல், வசதி குறைந்த ஊரொன்றில் சில நாள் தங்குவார். கமரா எதற்கு என்று கேட்கிறவர்களுக்குத் தொண்டு வேலை பற்றிய ஆவணப்படம் என்று சொல்லி வைப்பார்கள். கடைசியில் உண்மையைச் சொல்லிக் காசோலையை நீட்டுவார். சம்பளமில்லாமல் ஊருக்காக உழைக்கிறவர்களைப் பிள்ளைகள் அதில் பார்க்கிறார்கள். அது நல்லதுதான், மறுக்கமாட்டேன்.

பெரிய பிள்ளைகள் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். சின்னதுகள் அதை விளையாட்டாக்கிக்கொண்டன. விறாந்தையில் ஒருத்தி பணக்காரியாக உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். "நீ நல்லா அழயில்ல, உனக்கு வீடு இல்ல" என்று ஒருத்திக்குத் தீர்ப்பு. அவள் திரும்பிப் போய், இன்னும் சத்தமாக அழுதுகொண்டு வந்தாள். நடிப்பு திறம்தான், அதையும் சொல்ல வேண்டும். வீடு கிடைத்துவிட்டது.

வசதியான வீட்டுப் பிள்ளை இந்த நிகழ்ச்சியைப் பார்த்தால் தன்னைக் கொடுக்கிறவர் இடத்தில் வைத்துப் பார்க்கும். எங்கள் பிள்ளைகள் அப்படியில்லை. அவர்களுக்கு மற்றப் பக்கம் நன்றாகவே தெரியும். யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்கு மதியச் சாப்பாடும் கேக்கும் வரும். கூடவே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் வருவார். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் உயர வரிசையில் நின்றுவிடுவார்கள். "அன்ரிக்கு நன்றி சொல்லுங்கோ" என்றதும் ஒரே குரலில் நன்றி வரும். அப்புறம் அந்த வீடியோ யூடியூபுக்குப் போகும். அடுத்த நாள் வகுப்பில் ஒருவன், "உனக்குச் சப்பாத்து குடுத்தவங்கதானே, பார்த்தன்" என்பான். சப்பாத்து வாங்கிய பிள்ளை அதைப் போட மறுத்து செருப்போடு பாடசாலைக்குப் போனது எங்கள் இல்லத்திலேயே நடந்திருக்கிறது.

இது யூடியூப் காலத்து வியாதியும் இல்லை. என்னோடு வேலை செய்பவர் கிண்ணியாவைச் சேர்ந்தவர், நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம். 2004 சுனாமிக்குப் பிறகு முகாமில் அவருக்கு ஒரு புத்தகப்பை கொடுத்தார்களாம். படம் சரியாக வரவில்லை என்று பையைத் திருப்பி வாங்கி, இன்னொரு முறை கொடுத்தார்களாம். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் இல்லத்தில் யாராவது கமராவைத் தூக்கினால் முதலில் எழுந்து வெளியே போகிறவரும் அவர்தான்.

அதற்காக இவற்றை முழுதாகத் தடை செய்யச் சொல்கிற ஆள் நான் இல்லை. சாதாரண தரம் படிக்கிற வயதுப் பிள்ளைகளோடு பக்கத்தில் உட்கார்ந்து, இடையிடையே நிறுத்திப் பேசிப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2003 முதல் 2012 வரை ஓடிய 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்' பற்றி ஒருநாள் சொன்னேன். கஷ்டப்படும் குடும்பத்துக்கு ஒரே வாரத்தில் பெரிய வீடு கட்டிக் கொடுப்பார்கள். முடிப்பதற்குள் ஒரு பையன், "கரண்ட் பில் யார் கட்டுற?" என்றான். கேட்க வேண்டிய கேள்வி. வரியும் பில்லும் ஏறி, தாக்குப்பிடிக்க முடியாமல் அந்த வீடுகளை விற்ற குடும்பங்கள் உண்டு. அதைக் காட்டுவதற்குள் கமரா அடுத்த ஊருக்குப் போய்விடும்.

அமெரிக்க யூடியூபர் மிஸ்டர் பீஸ்ட் விஷயத்தில் மட்டும் அவர்கள் என்னை லேசில் விடவில்லை. கண்புரை வந்த 1000 பேருக்குச் சத்திரசிகிச்சை செய்வித்து 2023 ஜனவரியில் அவர் வெளியிட்ட வீடியோ எல்லோருக்கும் மனப்பாடம். "அந்த ஆக்களுக்குக் கண் தெரிஞ்சதுதானே, மிஸ்?" தெரிந்ததுதான், அதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் எங்கள் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணமில்லாமல் செய்கிற சத்திரசிகிச்சைக்கு அந்த 1000 பேரும் ஒரு யூடியூபர் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது என்று திருப்பிக் கேட்டேன். அன்று இரவுச் சாப்பாடு பிந்திவிட்டது.

பத்து வயதுக்குக் கீழே என்றால் வேண்டாம் என்பேன். யாருக்குக் கொடுப்பது என்பதை அறைக்குள் இருந்து யாரோ தெரிவு செய்கிறார்கள், அழுகை வரும் இடத்தில் இசையைச் சேர்க்கிறார்கள் என்பதெல்லாம் அந்த வயதுக்குப் பிடிபடாது. அழுதவருக்குக் கிடைத்தது என்பதுதான் மனதில் நிற்கும்.

பிள்ளைகளைப் படம் எடுப்பது பற்றிப் பொறுப்பாளரோடு பேசினேன். ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆவது உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறது, இலங்கை 1991இலேயே அதை ஏற்றுக்கொண்டது என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படம் போகாட்டி வெளிநாட்டுக் காசு வராது, தங்கச்சி. உறுப்புரையைச் சமைக்கலாமா?" என்றார். அவர் கவலையும் பொய்யில்லை. கடைசியில், பொதிகளையும் கேக்கையும் எடுக்கலாம், பிள்ளைகளின் முகம் வரக் கூடாது என்று முடிவானது. பெரும்பாலானவர்கள் சரி என்றார்கள். ஒரு குடும்பம் மட்டும் கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டது. அவர்கள் தந்த மாதச் சாப்பாட்டுக்கு இன்னும் வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதை அரிசிக் கணக்கு பார்க்கும்போதெல்லாம் பொறுப்பாளர் எனக்குக் கேட்கிற மாதிரியே சொல்லிக்கொள்கிறார்.