ஒரு நிமிடம்

சிகாகோவின் வடபகுதியில், கிளார்க் தெருவில், மதுக்கடை ஒன்றின் மாடியில் எண்பது நாற்காலிகள் கொண்ட சிறிய அரங்கு ஒன்று இருக்கிறது. நான் இந்த ஊருக்குக் குடிவருவதற்கு முன்பிருந்தே வெள்ளிதோறும் இரவு பத்தரை மணிக்கு அங்கே நடந்துவந்த இம்ப்ரோவ் நகைச்சுவைக் காட்சி சென்ற மாதத்தோடு நின்றுவிட்டது. கடைசி நாளன்று நானும் என் மனைவியும் போயிருந்தோம். அன்று காட்சி முடிய மறுத்ததில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதால்தான் இந்தப் பதிவு.

இம்ப்ரோவ் நாடகத்தில் எழுதிவைத்த வசனமோ கதையோ கிடையாது. நடிகர்கள் மேடையேறிப் பார்வையாளர்களிடம் ஒரு சொல் கேட்பார்கள். அந்த ஒற்றைச் சொல்லிலிருந்து அரை மணி நேர நாடகம் அங்கேயே முளைத்து வளரும். ஒருவர் என்ன சொன்னாலும் மற்றவர் மறுக்காமல் ‘ஆமாம்’ என்று ஏற்றுக்கொண்டு, ‘அதோடு’ என்று தம் பங்குக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது அடிப்படை விதி. எங்கள் வீட்டில் இந்த விதியைக் கொண்டுவர நான் எடுத்த முயற்சி ‘ஆமாம்’ என்ற இடத்தைக்கூடத் தாண்டவில்லை.

இந்தக் கலை வளர்ந்ததே சிகாகோவில்தான். வயோலா ஸ்போலின் என்ற அம்மையார், 1930களின் இறுதியில், பல தேசங்களிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு மொழி ஒரு தடையாக இல்லாதபடி அமைத்த நாடக விளையாட்டுகளே இதன் வேர். அவருடைய மகன் பால் சில்ஸும் நண்பர்களும் 1959 டிசம்பரில் தொடங்கிய செகண்ட் சிட்டி அரங்கு அந்த விளையாட்டுகளை உலகறியச் செய்தது. மொழி தடையில்லை என்ற அந்த வரலாற்றை நம்பித்தான் நானும் முதல் வெள்ளிக்கிழமை போனேன். முதல் ஓராண்டு, ஊரே சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரிப்பவனாக இருந்தேன். பின்வரிசைக்காரர்கள் அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

எட்டு ஆண்டுகளில் நான் கத்திய ஒரு சொல்லைக்கூட அவர்கள் எடுத்துக்கொண்டதில்லை. அன்னாசி, பல் மருத்துவர் என்று வாரந்தோறும் யாரோ கத்தும் சொற்களுக்குக் கிடைத்த மரியாதை என் சொற்களுக்குக் கிடைக்கவில்லை. கடைசி இரவிலாவது வென்றுவிட வேண்டும் என்று ஒரு வாரம் யோசித்துக் கலங்கரை விளக்கம் என்பதைத் தேர்ந்தெடுத்து, பதற்றத்தில் மறந்துவிடாமலிருக்க அதை ஆங்கிலத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கடல், தனிமை, கப்பல், புயல் என்று எத்தனையோ கதைகளுக்கு அதில் இடமிருந்தது. “எழுதி வைக்காத நாடகத்துக்கு எழுதி எடுத்துக்கொண்டு போகிற முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்” என்றாள் மனைவி.

அன்று நிற்கவும் இடமில்லை. நடிகர்கள் வழக்கப்படி, பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம் என்பதுபோல, ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுத்துவிட்டு மேடைக்கு வந்தார்கள். சிலர் கையை எடுக்கச் சற்றுத் தாமதித்தார்கள். மூத்த நடிகை முன்னால் வந்து, “எங்களுடைய கடைசிச் சொல்லைத் தாருங்கள்” என்றார். அரங்கு மொத்தமும் கத்தியது. அந்த இரைச்சலில், எழுந்து நின்று பையைத் துழாவிக்கொண்டிருந்த என்மீது அவர் விரல் நின்றது. சீட்டு கிடைத்துவிட்டது, மூக்குக்கண்ணாடிதான் கிடைக்கவில்லை. “ஒரு நிமிடம்” என்றேன்.

“ஒரு நிமிடம்! நன்றி!” என்று அறிவித்து நாடகத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

அவர்கள் நடித்தது ஹெரால்டு என்ற வடிவம். மூன்று தனித்தனிக் காட்சிகளாகத் தொடங்கி, மீண்டும் மீண்டும் திரும்பி வந்து, இறுதியில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். வாடிக்கையாளர் சேவைப் பெண் ‘ஒரு நிமிடம்’ காத்திருக்கச் சொன்னதில் தொலைபேசியோடு கிழவனாகிப்போன ஒருவர். பிறக்க ஒரு நிமிடம் அவகாசம் கேட்ட குழந்தை. வெடிக்க ஒரு நிமிடமே உள்ள குண்டின் முன் உட்கார்ந்திருந்த காவலர். எந்தக் கம்பியை வெட்டுவது என்று காவலர் அதே சேவை எண்ணை அழைக்க, அவரையும் அந்தப் பெண் காத்திருக்கச் சொன்னபோது நான் ஊரோடு சேர்ந்து, சரியான நேரத்தில் சிரித்தேன்.

காட்சியை முடிப்பது மேடையில் இருப்பவர்கள் அல்லர். பின்னாலுள்ள கண்ணாடி அறையில் இருக்கும் விளக்குக்காரர்தான். சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போது அவர் இருட்டாக்கினால் நாடகம் முடிந்தது. அன்று காவலரும் சேவைப் பெண்ணும் பிரிந்துபோன இரட்டையர் என்று தெரியவந்து கூரை அதிரச் சிரிப்பு எழுந்தும் விளக்கு அணையவில்லை. குழந்தை பிறந்தது, அணையவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டு, “நேரமாகிவிட்டது, தூங்கலாமே” என்றார். மற்றொருவர் இல்லாத மெழுகுவர்த்தியை ஊதினார். மூன்றாமவர் கதவைத் தட்டி, கட்டணம் கட்டாததால் மின்சாரத்தைத் துண்டிக்க வந்திருப்பதாகச் சொன்னார். மேடை பளிச்சென்றே இருந்தது.

இந்தத் துறையில் முடிவு என்பது எப்போதும் சிக்கல்தான். ஹெரால்டு வடிவத்தை உருவாக்கிய டெல் குளோஸ் 1999இல் இறந்தபோது, தம் மண்டையோட்டை ஹாம்லெட் நாடகத்தில் பயன்படுத்தக் குட்மன் அரங்குக்கு எழுதிவைத்திருந்தார். அவருடைய கூட்டாளி சார்னா ஹால்பர்ன் அதை முறைப்படி வழங்கினார். அது விலைக்கு வாங்கிய வேறு யாருடையதோ மண்டையோடு என்பது 2006இல்தான் வெளியே வந்தது.

நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். விளக்குக்காரர் ஒரு கையைப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு மறுகையால் சட்டை விளிம்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூத்த நடிகை கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, “அங்கே யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

கண்ணாடி நகர்ந்தது. “ஒரு நிமிடம்!” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அப்படி ஒரு சிரிப்பை அந்த அரங்கில் நான் கேட்டதில்லை. அது அடங்குவதற்குள் விளக்கு அணைந்தது.

நள்ளிரவு தாண்டிப் பெல்மாண்ட் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அந்தச் சீட்டை மனைவியிடம் காட்டி, இந்தச் சொல் வீணாகிவிட்டதே என்றேன். அவள் வாங்கிப் படித்தாள். “நல்லவேளை. இதைச் சொல்லியிருந்தால் விடிகிறவரை விளக்கை அணைத்திருக்கவே மாட்டார்” என்றாள்.