'தி வுமன் இன் ஒயிட்' நாவலைத் தேர்வுக்குப் படிப்பது எப்படி: மரியனின் வழியாக ஒரு வாசிப்பு

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் விக்டோரியன் தாளுக்கு வில்கி காலின்ஸின் இந்த நாவல் பாடமாக உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். நாவல் தடிமனானது. அதைப் பார்த்ததும் கைடைத் தேடும் எண்ணம் வரும். கைடு முதல் பக்கத்திலேயே ஆள்மாறாட்ட ரகசியத்தை உடைத்துவிடும், அதன் பிறகு நாவலைத் திறக்கவே மனம் வராது. நான் இந்தத் தாளுக்கு மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு தயாரானேன்: மரியன் ஹால்கோம் என்ற பாத்திரம், பலர் சேர்ந்து கதை சொல்லும் உத்தி, கோட்டையும் இருட்டறையுமாகப் பயமுறுத்தும் பழைய காதிக் (Gothic) கதைக்கும், குடும்ப ரகசியங்களையும் குற்றங்களையும் பரபரப்பாகச் சொல்லும் சென்சேஷன் நாவலுக்கும் உள்ள உறவு. இரண்டாம் முறை படித்தபோது மூன்றுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைத்தது. மரியன் துப்பறிகிறாள், அதற்கு அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்பதுதான் அந்த இடம். இதைப் பிடித்துக்கொண்டால் எந்தக் கேள்வி வந்தாலும் எழுதலாம்.

முதலில் ஆண்டுகளை முடித்துவிடுவோம். 1859 நவம்பர் 26 முதல் 1860 ஆகஸ்ட் 25 வரை டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழில் தொடராக வந்தது. 1860-லேயே மூன்று பாகங்களாக நூலானது. இதே சென்சேஷன் வகையில் பின்னால் வந்தவை: 'ஈஸ்ட் லின்' 1861, 'லேடி ஆட்லீஸ் சீக்ரெட்' 1862, காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' 1868. கால வரிசைப்படுத்தும் கேள்விகள் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் வரும் என்பதால் இவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

படிக்கும் முறைக்கு வருகிறேன். இந்த நாவலில் ஒருவர் மட்டும் கதை சொல்வதில்லை. ஓவிய ஆசிரியர் வால்டர் ஹார்ட்ரைட், குடும்ப வழக்கறிஞர் கில்மோர், மரியனின் நாட்குறிப்பு, ஒரே தாய்க்குப் பிறந்த அவளுடைய தங்கை லாராவின் சோம்பேறிச் சித்தப்பா ஃபேர்லி, வீட்டு நிர்வாகி மைக்கேல்சன், எழுதத் தெரியாத சமையல்காரி, மருத்துவரின் சான்றிதழ், கல்லறையில் பொறித்த வாசகம், கடைசியில் வில்லன் கவுன்ட் ஃபோஸ்கோவே எழுதிய வாக்குமூலம் எனச் சாட்சிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. நீதிமன்றத்தில் சாட்சிகளை விசாரிப்பதுபோல் கதை சொல்லப்படும் என்று ஹார்ட்ரைட் தொடக்கத்திலேயே அறிவிக்கிறான். காலின்ஸ் சட்டம் படித்தவர், 1851-இல் வழக்கறிஞராகத் தகுதி பெற்றவர். ஆகவே நோட்டில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: யார் சொல்கிறார், நேரில் பார்த்தது என்ன, பிறர் சொல்லிக் கேட்டது என்ன. பக்கத்தில் தேதியையும் குறித்து வாருங்கள். லாராவைப் போலவே தோற்றமுள்ள வேறொரு பெண்ணை லாரா என்று சொல்லி, லாராவை அந்தப் பெண்ணின் பெயரில் மனநலக் காப்பகத்தில் அடைப்பதுதான் சதி. அது மொத்தமும் ஒரே நாள் இடைவெளியில்தான் அம்பலமாகிறது. லாரா என்ற பெயரில் லண்டனில் ஒரு பெண் இறப்பது 1850 ஜூலை 25. உண்மையான லாரா ஊரிலிருந்து லண்டனுக்குப் புறப்படுவதோ அதற்கு மறுநாள். முதல் பதிப்பில் இந்தத் தேதிக் கணக்கு இடித்தது. 'தி டைம்ஸ்' விமர்சனம் அதைச் சுட்டிக்காட்ட, பின்வந்த பதிப்பில் காலின்ஸ் திருத்தினார். இந்த ஒரு தகவலை விடையில் சேர்த்தால், பல கதைசொல்லிகள் என்ற உத்தி எவ்வளவு கறாரான கட்டுமானம் என்பது திருத்துபவருக்குப் புரிந்துவிடும்.

மாணவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போவது கில்மோரின் பகுதியை. பணம், பத்திரம், ஷரத்து என்று வறட்சியாக இருக்கும். தாண்டாதீர்கள். கொலைக்கும் கோட்டைக்கும் பதில் இந்த நாவலின் பயம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. லாராவுக்குச் சொந்தமாக 20,000 பவுண்டு இருக்கிறது. அவள் பிள்ளையில்லாமல் இறந்தால் அந்தப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதுதான் தகராறு. அவள் விரும்பியவருக்கு, அதாவது மரியனுக்கு, எழுதிவைக்கும் உரிமை வேண்டும் என்கிறார் கில்மோர். கணவன் சர் பெர்சிவல் கிளைடுக்கே போக வேண்டும் என்கிறது மாப்பிள்ளை தரப்பு. தலைவலி வந்துவிடும் என்று சித்தப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். போதாததற்கு லாரா இறந்தால் அவளுடைய அத்தைக்கு 10,000 பவுண்டு வரும். அந்த அத்தை ஃபோஸ்கோவின் மனைவி. சதிக்கான முழுக் காரணமும் இந்த இரண்டு எண்களில் அடங்கிவிட்டது.

கதை நடப்பது 1849, 1850. அன்றைய இங்கிலாந்துப் பொதுச்சட்டத்தில் திருமணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட ஆளுமை கிடையாது, அது கணவனுடையதில் கரைந்துவிடும். திருமண ஒப்பந்தப் பத்திரம் ஒன்றுதான் பணக்காரப் பெண்களுக்குக் காப்பு. திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் 1870-இல் முக்கியமாகச் சம்பாத்தியத்தைக் காத்தது, 1882-இல்தான் முழுமையடைந்தது. தனியார் மனநலக் காப்பகத்தில் ஒருவரை அடைக்க உறவினரின் உத்தரவும் இரண்டு மருத்துவர்களின் சான்றிதழும் போதுமாக இருந்தன. 1858-இல், நாவலாசிரியரும் அரசியல்வாதியுமான புல்வர்-லிட்டனைத் தேர்தல் மேடையில் வைத்துக் கண்டித்த அவருடைய மனைவி ரோசினா காப்பகத்தில் அடைக்கப்பட்டார். பொதுமக்கள் கொதித்ததால் சில வாரங்களில் விடுவிக்கப்பட்டார். மறு ஆண்டே இந்த நாவல் தொடராக வருகிறது. லாராவை வேறொரு பெண்ணின் பெயரில் காப்பகத்தில் தள்ளும் காட்சியைப் படித்த வாசகருக்கு அது கற்பனையாகத் தோன்றியிருக்காது. காதிக் கேள்விக்கான விடையும் இதுதான். 1790-களின் கதைகளில் இத்தாலிய மலைக்கோட்டையில் இருந்த வில்லன், இங்கே வெள்ளெலிகளோடும் கானரிப் பறவைகளோடும் ஹாம்ப்ஷயருக்கே வந்து விருந்தாளியாகத் தங்குகிறான். இருட்டறைக்குப் பதில் பத்திரமும் சான்றிதழும் ஆளை அடைத்து வைக்கின்றன.

இனி மரியன். பெண்ணின் பொறுமை எதைத் தாங்கும், ஆணின் உறுதி எதைச் சாதிக்கும் என்பதே இந்தக் கதை என்று நாவலின் முதல் வரி வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. மரியன் அந்தப் பிரிவினைக்குள் நிற்பதில்லை. மடித்த பத்திரத்தைப் படிக்காமலே கையெழுத்திடச் சொல்லி லாராவைக் கணவன் மிரட்டும்போது அவளுக்குத் துணை நிற்கிறாள். வழக்கறிஞருக்கு எழுதிய கடிதத்தை யாரோ பிரித்திருக்கலாம் என்று உறையின் பசை ஒட்டாமல் திறந்துகொள்வதை வைத்தே சந்தேகிக்கிறாள். ஆனாலும் தான் பெண் என்பதால் பொறுமை, ஒழுக்கம், பாவாடை ஆகியவற்றுக்கு ஆயுள் தண்டனை பெற்றவள் என்று நாட்குறிப்பில் குமுறுகிறாள்.

அதன் பிறகு வரும் கூரைக் காட்சியை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருங்கள். ஃபோஸ்கோவும் பெர்சிவலும் நூலகத்தில் இரவில் பேசப்போகிறார்கள். ஒட்டுக்கேட்க வேண்டுமானால் வராந்தாக் கூரைமேல் போயாக வேண்டும். பட்டு கவுனைக் கழற்றுகிறாள், சரசரக்கும் வெள்ளை உள்பாவாடைகளைக் களைகிறாள், இருட்டு நிறத்தில் ஃபிளானல் பாவாடையும் கறுப்புப் பயண மேலங்கியும் அணிந்து வெளியேறுகிறாள். எந்த ஆணையும்விடக் குறைவான இடத்தில் நகர முடியும் என்று அவளே எழுதுகிறாள். முன்பு தண்டனையாகச் சொன்ன உடையைக் கழற்றிய பிறகுதான் உளவு சாத்தியமாகிறது என்பதை விடையில் அவசியம் எழுதுங்கள். மழையில் நனைந்து காய்ச்சலில் விழுகிறாள். அவள் நினைவிழந்து கிடக்கும்போது ஃபோஸ்கோ அவளுடைய நாட்குறிப்பைப் படித்து, அதன் கடைசியில் தன் கையால் பாராட்டுரையும் எழுதி வைக்கிறான். இந்தப் பக்கம் எனக்கு ஒவ்வொரு முறையும் உடல் கூசும். அவளுடைய அந்தரங்கமும் அவள் சேர்த்த சாட்சியமும் ஒரே நேரத்தில் எதிரியின் கைக்குப் போகின்றன.

அதற்குப் பின் மரியன் சொந்தக் குரலில் கதை சொல்வதே இல்லை. காப்பகத்துச் செவிலிக்குத் தன் கைப்பணத்தைக் கொடுத்து லாராவை மீட்பவள் அவள்தான். ஆனால் அந்தச் சாகசத்தை ஹார்ட்ரைட் சுருக்கித் தன் சொற்களில் எழுதுகிறான். பெர்சிவலுடைய பெற்றோரின் போலித் திருமணப் பதிவைக் கண்டுபிடிப்பதும், ஃபோஸ்கோவை மடக்குவதும் அவன் பங்கு. வீட்டு வேலை அவள் பங்கு. கடைசி வரியில் அவளைத் தங்கள் வாழ்வின் நல்ல தேவதை என்று புகழ்ந்து கதையை அவளோடு முடிக்கிறான். 'மரியன் பெண் துப்பறிவாளரா?' என்று கேட்டால் 'ஆம்' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பாதி நாவல் வரை அவளே துப்பறிவாளர், பிறகு நாவலே அந்தப் பணியை அவளிடமிருந்து எடுத்து ஆணிடம் கொடுக்கிறது என்பது என் வாதம். முதல் பத்தியிலேயே இந்த வாதத்தைச் சொல்லிவிட்டு, கூரைக் காட்சியையும் ஃபோஸ்கோவின் பின்குறிப்பையும் சான்றாக விரியுங்கள். கதைச்சுருக்கத்துக்கு நான்கு வரிக்கு மேல் வேண்டாம்.

நேரம் இருப்பவர்கள் காலின்ஸ் 1875-இல் வெளியிட்ட 'தி லா அண்ட் தி லேடி'யையும் படியுங்கள். அதில் வலேரியா தன் கணவன் முதல் மனைவியை ஆர்சனிக் வைத்துக் கொன்றதாக எடின்பரோவில் விசாரிக்கப்பட்டவன் என்று அறிகிறாள். அன்று ஸ்காட்லாந்துச் சட்டத்துக்கே உரியதாக இருந்த 'நிரூபிக்கப்படவில்லை' என்ற தீர்ப்போடு அவன் வெளியே வந்தவன். அந்தக் கறையைத் துடைக்க அவளே விசாரணையில் இறங்குகிறாள். முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை கதை சொல்பவளும் அவளே. மரியனிடம் பறிக்கப்பட்ட துப்பறியும் பணி, சொந்தக் குரல் இரண்டும் வலேரியாவிடம் கடைசிவரை இருக்கின்றன. ஒப்பீட்டுக் கேள்வி வந்தால் இந்த இரு நாவல்களையும் சேர்த்து எழுதுங்கள், பதினைந்து மதிப்பெண் விடைக்குத் தாராளமாகப் போதும்.