ஜங்ஷனில் ஒரு சனிக்கிழமை

மார்ச் 14, 2025, வெள்ளி இரவு

நாளை ஜங்ஷனில் ரயில்களைப் படமெடுக்கப் போகிறேன். பேட்டரிகள் சார்ஜ் ஏறிவிட்டன. தூரத்தை இழுத்துக் காட்டும் 70-200 டெலி லென்ஸ் ஒன்றே போதும். ட்ரைபாட் வேண்டாம், நடைமேடையில் அடுத்தவர் காலைத் தட்டிவிடும். ஃப்ளாஷும் வீட்டிலேயே இருக்கட்டும். டிரைவரின் கண் கூசினால் சிக்னலைப் பார்ப்பது எப்படி? ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை அமெரிக்காவின் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் பாதையில், கடைசி நீராவி இன்ஜின்களை ராத்திரியில் ஏராளமான ஃப்ளாஷ் பல்புகளை ஒரே நொடியில் எரியவிட்டுப் படமெடுத்தார். ரயில் கம்பெனியே அனுமதி கொடுத்து உடன் நின்ற வேலை அது. நமக்குச் சூரியன் போதும்.

பகலும் இரவும் சமமாகும் நாள் நெருங்குகிறது, அதனால் சூரியன் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதிக்கும். தண்டவாளமோ வடக்கு தெற்காக ஓடுகிறது. காலையில் கிழக்கு நடைமேடை, சாயங்காலம் மேற்கு.

மார்ச் 15, சனி

காலை 6.40. நடைமேடையின் கோடியில், மஞ்சள் கோட்டுக்கு நன்றாகப் பின்னால் நிற்கிறேன். முதல் ரயில் நிற்காமல் பறந்தது. அது கிளப்பிய காற்றே கோடு எதற்கு என்று சொல்லிவிடும்.

அடுத்ததற்கு ஷட்டர் வேகத்தை 1/125 நொடிக்கு இறக்கினேன். முகப்பில் ஊர்ப் பெயர் காட்டும் எல்இடி பலகை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வரிசை வரிசையாக அணைந்து எரிகிறது. 1/1000 வைத்தால் பாதிப் பெயர்தான் விழும். தூரத்தில் நேர் எதிரே வரும் ரயில் படத்துக்குள் அவ்வளவாக நகராது, ஆகவே மெதுவான ஷட்டர் தாங்கும். பக்கவாட்டில் கடக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

காலை 8.15. இன்ஜினை முக்கால் பக்கமாக, அதாவது முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும்படி, நல்ல வெயிலில், கம்பம் எதுவும் மறைக்காமல் எடுப்பதுதான் ‘சரியான’ படம் என்பார்கள். எனக்கு அது அலுத்துவிட்டது. அதற்கு ஜங்ஷன் எதற்கு, வயல்வெளி போதுமே! ஜங்ஷன் என்றால் பாயிண்டுகள், ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடங்கள்.

இங்கே சிக்னலைவிடப் பாயிண்டைப் பார்த்துக்கொண்டிருப்பது லாபம். மோட்டார் உறுமி, நாக்குத் தண்டவாளங்கள் நகர்ந்து, பூட்டு விழுந்த பிறகுதான் சிக்னல் மாறும். பாயிண்டையும் சிக்னலையும் பிணைத்து வைக்கும் இன்டர்லாக்கிங் முறையில் வேறு வழியே கிடையாது. எந்தப் பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியது என்று கவனித்தால், ரயில் கண்ணில் படுவதற்குள் அது எந்தத் தடத்தில் வரும் என்று தெரிந்துவிடும். அப்படித்தான் ஒரு நீளமான கூட்ஸ் சிக்கியது. தலை ஒரு தடத்தில், வால் இன்னொரு தடத்தில், நடுவில் வேகன்கள் எஸ் வடிவில் நெளிந்தன. டெலி லென்ஸ் தூரத்தைச் சுருக்குவதால் அந்த நெளிவு இரட்டிப்பாகத் தெரிகிறது. தடம் மாறும் ரயில் வேகத்தைக் குறைத்தே வரும், அவசரமும் இல்லை.

பகல் 12. உச்சி வெயில், இன்ஜின்களுக்கெல்லாம் கண்ணுக்குக் கீழே நிழல். கேமராவை மூடிவிட்டுக் காதைத் திறந்தேன். ஒவ்வொரு இன்ஜினும் கிளம்பும் சத்தம் வேறு. ஐரோப்பாவில் ஓடும் சீமென்ஸ் டாரஸ் இன்ஜின்களில் ஒரு வகை ஸ்வர வரிசை பாடியே புறப்படும்; மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் இன்வெர்ட்டர் தன் அதிர்வெண்ணைப் படிப்படியாக ஏற்றுவதால் வரும் சங்கீதம் அது. இங்கே கேட்டதில் எதுவும் அவ்வளவு சுதி சுத்தம் இல்லை.

மாலை 5.20. மேற்கு நடைமேடை. பக்கவெளிச்சம் அருமை. எதிர்பார்த்திருந்த எக்ஸ்பிரஸ் வந்த அதே நொடியில் குறுக்கே ஒரு லோக்கல் வந்து மொத்தமாக மறைத்தது. சரி, ஜங்ஷன்!

மார்ச் 16, ஞாயிறு

கிழக்கு நடைமேடைப் படங்களைப் பிரித்தேன். முக்கால் பக்கப் படங்களில் பெரும்பாலானவை குப்பைக்குப் போயின. கூட்ஸ் நெளியும் படம் இருக்கும். கூடவே, நான் தேடாத ஒன்று: மேலே ஓடும் மின்கம்பி. நேராகத்தான் இருக்கும் என்று நினைப்போம். டெலி லென்ஸில் கம்பத்துக்குக் கம்பம் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து போவது பளிச்சென்று விழுந்திருக்கிறது. வேண்டுமென்றே அப்படிக் கட்டுகிறார்கள். ஒரே இடத்தில் உரசினால், கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்க இன்ஜின் கூரையில் இருக்கும் பாண்டோகிராஃபின் கார்பன் பட்டையில் பள்ளம் விழும். கம்பி அசைந்து அசைந்து போனால் பட்டை சீராகத் தேயும்.

மேற்குப் பக்கப் படங்களை இன்னும் திறக்கவில்லை.