சாண்டர் வாங்கும் முன் பேடைப் பாருங்கள்

மர வேலைக்கு சாண்டிங் மெஷின் வேண்டும் என்று வேலூர் ஹார்டுவேர் கடையில் கேட்டால், 4 இஞ்ச் கிரைண்டரையும், உப்புத்தாள் துண்டுகளை அடுக்கி ஒட்டிய ஒரு பிளாப் டிஸ்க்கையும் எடுத்து வைப்பார்கள். விலை குறைவுதான். ஆனால் நிமிடத்துக்கு 11,000 சுற்று இரும்புக்கு ஆன வேகம். கை கொஞ்சம் சாய்ந்தால் வேப்பம்பலகையில் பிறை போல் பள்ளம் விழும், தேக்கு கருகும். பட்டை உரித்த அடிமரத்தின் ஓரத்தை வழித்தெடுக்க மட்டும் அது சரி. டிரில்லுக்கான வெல்க்ரோ பேடை (உப்புத்தாள் டிஸ்க் ஒட்டி நிற்கும் வட்டத் தட்டு) கிரைண்டரில் மாட்டுவது இன்னும் மோசம். அந்த வேகம் தாங்காமல் பிய்ந்து பறக்கும். பேடின் முதுகில் அதிகபட்ச சுற்று அச்சடித்திருக்கும், படித்துவிட்டு மாட்டுங்கள்.

கதவு, மேசைக்கு 125 மி.மீ. ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் (சுழன்றபடியே சிறு வட்டமாக அசையும் மெஷின்) போதும். 250, 300 வாட் தாராளம். சாதாரண கம்பெனி மெஷினே வாங்கலாம், ஆனால் அதன் பேட் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். முதலில் போவது அதுதான். அழுத்தித் தேய்த்தால் சூடேறி வெல்க்ரோவின் கொக்கிகள் உருகிவிடும். அப்புறம் டிஸ்க் நிற்காது. நம்மூர் மே மாத வெயிலில் கேட்கவே வேண்டாம். மெஷினின் எடையோடு கையின் எடை சேர்ந்தால் போதும்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் டிஸ்க். மலிவு டிஸ்க்கை நகத்தால் கீறினால் மணல் உதிரும். அப்படி உதிர்ந்த ஒரு மணி அடியில் சிக்கினால் பலகை முழுக்கச் சுருள் சுருளாகக் கீறல். பாலிஷ் அடித்த பிறகுதான் அது கண்ணில் படும்! அலுமினியம் ஆக்சைடு டிஸ்க் வாங்குங்கள். பேடில் 8 ஓட்டை என்றால் டிஸ்க்கிலும் 8. ஓட்டை பொருந்தாவிட்டால் தூசி உள்ளேயே தங்கி தாள் அடைத்துக்கொள்ளும். பழைய பெயின்டுக்கும், எண்ணெய்ப் பசையுள்ள தேக்குக்கும் வெள்ளைப் பூச்சு போட்ட டிஸ்க் சீக்கிரம் அடைக்காது.

டிஸ்க்கில் எல்லா நம்பரும் வாங்கிக் குவிக்க வேண்டாம் (நம்பர் கூடக் கூட மணல் பொடிசு). 80, 120, 180 போதும். அதில் 80 அதிகமாக இருக்கட்டும், பாதி வேலை அதில்தான். 80-லிருந்து நேரே 180-க்குத் தாவினால் 80-இன் கோடு போகாது, தாள்தான் தேயும். ஒவ்வொரு நம்பருக்கு முன்னும் பலகையில் பென்சிலால் லேசாகக் குறுக்குக் கோடு போடுங்கள். கோடு முழுக்க மறைந்தால் அடுத்த நம்பர். நடுவில் தூசியைத் துடைப்பதை விடாதீர்கள். மெஷினைப் பலகையில் வைத்த பிறகு ஆன் செய்து, நொடிக்கு ஒரு இஞ்ச் வேகத்தில் நகர்த்துங்கள்.

அடைத்த டிஸ்க்கைத் தூக்கி எறியாதீர்கள். ஆம்பூர் பக்கம் செருப்பு வேலை செய்பவர்களிடம் கிரேப் சோல் (ரப்பர்) துண்டு கிடைத்தால், மெஷின் ஓடும்போதே டிஸ்க்கில் ஒற்றி எடுங்கள். பிசின், தூசி எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டிஸ்க் சுருளும்; இரண்டு பிளைவுட் துண்டுக்கு நடுவே வைத்து டப்பாவில் மூடுங்கள்.

முகத்தில் துண்டு கட்டினால் நுண்தூசி நிற்காது, என்95 மாஸ்க் வேண்டும். வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் பெயின்ட் அடித்த கதவில் ஈயம் அதிகம் இருக்கலாம்; அதில் மெஷினை வைக்காமல், தண்ணீர் தெளித்து வாட்டர் பேப்பரால் கையிலேயே தேயுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.