சந்தா வசூலித்துக் கற்றது

அமெரிக்காவில் இன்ஜினியரிங் படித்தபோது இரண்டாம் ஆண்டில் தீட்டா டாவ் ஃபிரடெர்னிட்டியில் சேர்ந்தேன். ஃபிரடெர்னிட்டி என்றால் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொள்ளும் மாணவர் சங்கம். செய்தி கேட்டதும் அம்மா ஃபோனில், "ராகிங் எல்லாம் பண்ணுவாங்களாமே, உனக்கு எதுக்குப்பா இது?" என்றார். ஹாலிவுட் படங்கள் செய்த வேலை. இது பொறியியல் மாணவர்களுக்கானது, பெண்களும் உண்டு. 1904இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நான்கு பேர் ஆரம்பித்தார்கள். அப்போது அதன் பெயர் 'சுத்தியலும் இடுக்கியும் சங்கம்'. கிரேக்க எழுத்துகளைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

செமஸ்டர் தொடக்கத்தில் 'ரஷ்', அதாவது புது ஆள் சேர்ப்பு. பீட்சா, அரட்டை, அப்புறம் ஒரு நேர்முகம். பிடித்திருந்தால் 'பிட்' என்ற அழைப்புக் கடிதம் தருவார்கள். ஏற்றுக்கொண்டால், முழு உறுப்பினராகும் முன் சில வாரங்கள் 'பிளெட்ஜ்' என்ற பயிற்சிக் காலம். அந்த நாட்களில் எங்கள் கிளையின் ஒவ்வொரு உறுப்பினரையும் தனியே சந்தித்துப் பேசிக் கையெழுத்து வாங்க வேண்டும். கூச்ச சுபாவக்காரனான எனக்கு முதல் சில சந்திப்புகள் நரகம். நான் கேள்வியைத் தாளில் எழுதி வைத்து வாசிப்பதைப் பார்த்த ஒரு சீனியர், தாளை வாங்கி மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, "இப்போ பேசு" என்றார். கடைசிச் சடங்கு ரகசியம். அதை எழுத முடியாது.

பழைய மாணவர் தொடர்பால் வேலை கிடைக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. பொருளாளர் பதவி கிடைத்தது, யாரும் போட்டியிடாததால். கூடச் சாப்பிடும் நண்பனிடமே சந்தா பாக்கி கேட்க வேண்டும். கிளைக் கூட்டத்தில் டி-ஷர்ட் செலவைக் குறைக்கலாம் என்றால், முறைப்படி தீர்மானம் கொண்டுவந்து, ஒருவர் வழிமொழிந்து, விவாதித்து, வாக்கெடுத்தாக வேண்டும். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு சட்டதிட்டமா என்று சிரிப்பு வரும். ஆனால் அங்கேதான் கோபப்படாமல் மறுத்துப் பேசப் பழகினேன். ஒருவனுக்கு வீட்டில் பணக்கஷ்டம் என்று தெரிந்ததும், பெயர் வெளியே வராமல் தவணையில் கட்ட ஏற்பாடு செய்தேன்.

படிப்பு முடிகிற சமயம் வேலைக்கான நேர்முகத்தில், "கருத்து வேறுபாட்டை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டார்கள். புராஜெக்ட் எதையும் சொல்லவில்லை. டி-ஷர்ட் கதையைத்தான் சொன்னேன்.

சேர நினைப்பவர்கள் பிட்டை ஏற்கும் முன், செமஸ்டர் சந்தா எவ்வளவு, தவணை உண்டா என்று கேட்டுவிடுங்கள். பிளெட்ஜ் காலத்தில் தேர்வு எதுவும் வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவமானப்படுத்தும் வேலை எதையாவது செய்யச் சொன்னால் உடனே விலகிவிடலாம். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அப்படிச் செய்யச் சொல்வது சட்டவிரோதம்.