நொடிக்கு ஒரு தட்டு

பதினோரு வருடமாக எனக்குக் குரல்கள் கேட்கின்றன. இரண்டு ஆண், ஒரு பெண். நான் சட்டை போட்டால் "போடுறான் பாரு" என்பார்கள். இரண்டு மருந்துகள் பலன் தராமல் போய், மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனநோய்க்குத் தரும் குளோசபைன் மாத்திரையைத் தொடங்கினார்கள். அது ரத்தத்தில் வெள்ளணுக்களைக் குறைத்துவிடலாம் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுத்து எண்ணினார்கள். பயம் போனது, தூக்கம் வந்தது. குரல்கள் மட்டும் போகவில்லை. அப்போதுதான் டாக்டர், தலைக்கு வெளியே சுருள் வைத்துக் காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் காந்தத் தூண்டல் சிகிச்சை பற்றிச் சொன்னார்.

அவர் எதையும் மறைக்காமல் பேசியதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். மனச்சோர்வுக்கு இந்தச் சிகிச்சையை அமெரிக்காவில் 2008-லேயே அனுமதித்துவிட்டார்கள், குரல்களுக்கு அந்த அளவு உறுதி இல்லை என்றார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஹாஃப்மன் என்ற மனநல மருத்துவர், குரல் கேட்கும் 12 பேருக்குச் செய்து பலன் கண்டதாக 2000-ல் எழுதினார். பின்னால் வந்த சில ஆய்வுகளில் நிஜச் சிகிச்சைக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மூளையைத் தூண்டாமல் செய்வது போலக் காட்டும் போலிச் சிகிச்சைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. "நிக்கும்னு சொல்ல மாட்டேன். குறையலாம்" என்றார். அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: "கரன்ட் வைப்பீங்களா சார்?" "இல்லம்மா, மயக்க மருந்துகூடக் கிடையாது. உட்கார்ந்து பேசிட்டே இருக்கலாம்."

தலையில் உலோகம் இருக்கிறதா, பேஸ்மேக்கர் உண்டா, வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டார்கள். குளோசபைனே வலிப்புக்கான வாய்ப்பைக் கூட்டும் என்பதால், சிகிச்சைக்கு முந்தைய இரவு தூக்கம் கெட்டுக் கண்விழிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள்.

முதல் நாள் அளவு பார்ப்பதற்கே நேரம் போய்விட்டது. தலையில் துணித் தொப்பி மாட்டி, எட்டு வடிவச் சுருளை மண்டையில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார் டெக்னீஷியன் அக்கா. திடீரென்று என் வலது கட்டைவிரல் தானாகத் துடித்தது. நான் அசைக்கவே இல்லை! விரல் துடிக்கப் போதுமான மிகக் குறைந்த விசை எது என்று பார்த்து, அதில் 90 சதவீதம் வைத்தார்கள். அப்புறம் சுருளை இடது காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் கொண்டுபோனார்கள். பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதி அங்கேதான். யாரும் பேசாதபோதும் அது விழித்துக்கொள்வதால் குரல் கேட்கிறது, மெதுவான துடிப்பு அதை அடக்கும் என்பது கணக்கு.

நொடிக்கு ஒரு தட்டு, 20 நிமிடம், 1200 தட்டு. காதில் அடைப்பான் வைத்தும் டக் டக்கென்று கேட்டது. யாரோ விரலால் சுண்டுவது போல இருக்கும், கூடவே தாடை லேசாக இழுக்கும். அந்தப் பெண் குரல் தட்டுகளை எண்ண ஆரம்பித்தது. நானூறு வரை எண்ணியது. எனக்கு அழுகை வந்தது. அக்கா உடனே நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, நான் சரி என்ற பிறகுதான் தொடர்ந்தார். சாயங்காலம் தலைவலி, ஒரு பாராசிட்டமாலில் போனது.

திங்கள் முதல் வெள்ளி, மூன்று வாரம். தினமும் குரலின் தொல்லைக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதி வைத்தேன். முதல் வாரம் முழுக்க 8. இரண்டாம் வாரக் கடைசியில் 6. முடிந்தபோது 4. மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தவில்லை. தயவுசெய்து நீங்களும் நிறுத்தாதீர்கள்.

குரல்கள் போய்விடவில்லை, பக்கத்து வீட்டுக்குத் தள்ளிப்போனது போல இருக்கின்றன. நாலு மாதம் கழித்து மறுபடி 6-க்கு ஏறியது, திரும்பப் போய்க்கொண்டிருக்கிறேன். இடையில் அந்த நாலு மாதமும், பஸ்ஸில் கண்டக்டர் "எங்கப்பா போகணும்?" என்று கேட்டால் முதல் தடவையிலேயே எனக்குக் கேட்டது.