கொறங்காட்டுப் படலுக்கு அந்தப் பக்கம்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கிளுவை வேலிகள் கூடவே வரும். சின்ன வயதில் எத்தனையோ முறை பார்த்தும் உள்ளே என்ன இருக்கிறது என்று யோசித்ததில்லை. இந்த முறை இறங்கி நடந்தேன். எண்பதைத் தொட்ட பெரியவர்கள் சொல்வதை அவர்கள் குரலிலேயே செல்போனில் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை.

வேலிக்குள்ளே கொறங்காடு. மானாவாரி மேய்ச்சல் நிலம். தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து மாட்டுக்குத் தீனியாகும்.

"இந்த வேலி எங்க அப்பாரு வெச்சது கண்ணு," என்றார் முதலில் பேசிய தாத்தா. மழை பெய்த ஈரத்தில் கிளுவைப் போத்துகளை வரிசையாக நட்டு, வளர வளரப் பின்னிவிட வேண்டுமாம். ஒரு கிளையை விலக்கிக் காட்டினார். அடியில் இரண்டு தண்டுகள் ஒன்றையொன்று சுற்றி, ஒரே மரம்போல ஒட்டிப் போயிருந்தன.

கிணற்று மேட்டுக்குக் கூட்டிப்போனபோது அவர் குரலே மாறிவிட்டது. இளவயதில், எருதுகளைக் கொண்டு கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையை விடியுமுன் பூட்டுவாராம். எருதுகள் சரிவில் இறங்கும்போது வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார். தோல்சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். எருதுகள் அப்படியே பின்னுக்கு நடந்து மேடேறும். "பம்புசெட்டு வந்துச்சு, கவலை நின்னுச்சு. டிராக்டரு வந்துச்சு, ஏரும் நின்னுச்சு. அப்பறம் எருதுக்கு என்ன வேலைங்கறாங்க?" வேறொன்றும் சொல்லாமல், கயிறு உராய்ந்து தேய்ந்த கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். 1990-இல் 11.74 லட்சமாக இருந்த காங்கேய மாடுகள் 2000-இல் 4.79 லட்சமானதைப் படித்திருக்கிறேன். அந்தக் கல்லைப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணிக்கை எனக்கு உறைத்தது.

மறுநாள் ஓர் ஆத்தாவைப் பார்த்தேன். திண்ணையை ஒட்டி ஒரு செவலைக் கன்று நின்றது. காங்கேயக் கன்றுகள் பிறக்கும்போது இப்படித்தான் சிவந்திருக்கும், ஆறு மாதத்தில் நிறம் மாறி வெளுக்கத் தொடங்கும். காளையானால் திமில் கறுக்கும். "உங்களுக்குக் கல்யாணம் ஆனது எந்த வருசம் ஆத்தா?" என்று கேட்டேன்.

"வருசமெல்லாம் ஆருக்குத் தெரியும் சாமி? எங்கய்யன் சீராக் குடுத்த மயிலைக் கெடாரி தலையீத்துப் போட்ட வருசம், பெரியவன் பொறந்தான். அதுக்கு முந்துன தைய்யில கண்ணாலம்."

அந்தச் சாம்பல் நிற மயிலைப் பசுவின் வம்சம்தான் இந்தக் கன்றும் என்றார். எத்தனையாவது தலைமுறை என்று கேட்டேன். ஒவ்வொரு பசுவையும் அடையாளம் சொல்லி விரலை மடக்கினார்: கொம்பு வளைந்தது, பஞ்சத்தில் பிழைத்தது, இரட்டைக் கன்று போட்டது, வேலியைத் தாண்டிப் போய் மூன்றாம் நாள் தானே திரும்பி வந்தது. ஒரு கை முடிந்ததும், கன்றின் கழுத்தில் வைத்திருந்த மற்றக் கையை எடுத்து எண்ணத் தொடங்கினார்.